ஒட்டாத பசையும் ஒரு கணக்குப்பிள்ளையும்

போயிங் விமானம் ஒன்றில் ஏதோ கோளாறு என்று செய்தி வந்தால் போதும், அடுத்த அரை மணி நேரத்தில் ஒரே விளக்கம் எல்லா இடத்திலும் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு காலத்தில் இன்ஜினியர்கள் நடத்திய கம்பெனி, 1997-இல் மெக்டானல் டக்ளஸோடு சேர்ந்த பிறகு கணக்குப் பார்க்கிறவர்கள் கைக்குப் போனது, அன்றோடு கதை முடிந்தது என்பார்கள். நானும் கொஞ்ச காலம் இதையே பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் இதில் இரண்டு இடம் இடிக்கிறது. 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்தபோது போயிங்கின் தலைமையில் இருந்த டென்னிஸ் முய்லன்பர்க் விமானப் பொறியியல் படித்துவிட்டு, அதே கம்பெனியில் பயிற்சி மாணவராக நுழைந்து படிப்படியாக மேலே வந்தவர், அசல் இன்ஜினியர். புதுப்பொருள் கண்டுபிடிப்பதற்கு உதாரணம் என்று எல்லாரும் காட்டுகிற 3எம் கம்பெனியை வளர்த்தெடுத்தவரோ கணக்குப்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தவர்.

அப்படியானால் தலைவர் என்ன படித்தார் என்பதை வைத்து ஒன்றும் பிடிபடாது. எனக்குப் பிடிபட்ட வரையில் பார்க்க வேண்டியது வேறு. கீழே வேலை செய்கிறவர் ஒருவர் வந்து "இது சரியா வரலை" என்றோ "இது எதுக்கு ஆகும்னு எனக்கே இன்னும் தெரியலை" என்றோ சொன்னால், மேலே இருக்கிறவர் அடுத்து என்ன செய்கிறார்? 3எம், போயிங், ஃபோர்டு மூன்றிலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. 2005-இல் போயிங் இயக்குநர்கள் எடுத்த ஒரு முடிவு மூன்று கம்பெனிகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டும் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் கணக்குப்பிள்ளை கதை.

1902-இல் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டூ ஹார்பர்ஸ் என்ற சின்ன ஊரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரங்கக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அங்கே கொரண்டம் என்ற கடினமான தாது கிடைக்கிறது, சாணைச் சக்கரம் செய்கிறவர்களுக்கு விற்கலாம் என்பது திட்டம். தோண்டி எடுத்த பிறகுதான் தெரிந்தது, அது கொரண்டமே இல்லை, அந்த வேலைக்கு லாயக்கில்லாத வேறு ஒரு கல். மின்னசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபேக்சரிங் என்ற பெயரின் மூன்று 'எம்'களில் ஒன்று சுரங்கம். அந்தச் சுரங்கம் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் எதுவும் தராமலேயே படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் டுலூத் நகரத்துக்குப் போய் உப்புத்தாள் செய்ய ஆரம்பித்தார்கள். அதுவும் சுமார்தான்.

1907-இல் அங்கே உதவிக் கணக்குப்பிள்ளையாக, வாரம் 11.55 டாலர் சம்பளத்தில் சேர்ந்தவர் வில்லியம் மெக்நைட். இருபதை ஒட்டிய வயது. 1914-இல் ஜெனரல் மேனேஜர் ஆனார். அதே வருஷம் ஒரு பெரிய அடி விழுந்தது. உப்புத்தாளில் இருந்து மணல் உதிர்கிறது என்று வாடிக்கையாளர்கள் சரக்கைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். பசையை மாற்றிப் பார்த்தார்கள், தாளை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் யாரோ உப்புத்தாளில் ஒட்டுகிற கார்னெட் என்ற கல்லின் பொடியைத் தண்ணீரில் போட்டதும் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. ஸ்பெயினில் இருந்து கார்னெட் கல் ஏற்றி வந்த கப்பலிலேயே ஆலிவ் எண்ணெய்ப் பீப்பாய்களும் வந்திருக்கின்றன, வழியில் புயலில் பீப்பாய் உடைந்து மூட்டைகள் எண்ணெயில் ஊறிவிட்டன. எண்ணெய்ப் பிசுக்கில் பசை எப்படி நிற்கும்? இது நடந்து இரண்டு வருஷம் கழித்து 1916-இல் மெக்நைட் ஒரு சின்ன அறையை ஒதுக்கி, ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொஞ்சம் சாமானும் வாங்கிப் போட்டு, வருகிற சரக்கைச் சோதிக்க ஆள் வைத்தார். 3எம்மின் ஆராய்ச்சிக்கூடம் என்பது அந்த அறையில்தான் தொடங்குகிறது. வந்த புகாரின் மூலம் என்ன என்று விடாமல் தேடிப் போன ஒரு கணக்காளர் போட்ட அறை அது.

சில வருஷம் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பிரான்சிஸ் ஓக்கி என்ற மை தயாரிப்பாளர், உங்களிடம் இருக்கிற எல்லா அளவு மணல் பொடியிலும் மாதிரி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். 3எம் பொடி விற்கிற கம்பெனி இல்லை, கடிதத்தைக் குப்பையில் போட்டிருக்கலாம். ஒரு மை வியாபாரிக்கு இது எதற்கு என்று மெக்நைட்டுக்கு ஆர்வம் வந்துவிட்டது. விசாரித்தால், தண்ணீர் விட்டுத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை அந்த மனிதர் தன் பட்டறையில் செய்து வைத்திருக்கிறார். 1921-இல் உரிமையை வாங்கினார்கள், ஓக்கியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நம்மூர் பெயிண்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்று கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அதன் மூதாதை இதுதான். காருக்குப் பெயிண்ட் அடிக்கிற இடங்களில் ஈயம் கலந்த தூசியைச் சுவாசித்து ஆட்கள் சீக்காகிக்கொண்டிருந்த காலம், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

இந்த வாட்டர் பேப்பரைச் சோதித்துப் பார்க்க செயின்ட் பால் நகரத்து டிங்கரிங் பட்டறைகளுக்குப் போய் வந்துகொண்டிருந்த இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ. இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவர், பாஞ்சோ வாசித்துக் காசு சம்பாதித்தவர். அப்போது காருக்கு இரட்டை வண்ணம் அடிப்பது ஃபேஷன். ஒரு வண்ணத்தை அடித்து முடித்து, அதன் மேல் செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டி மறைத்துக்கொண்டு இரண்டாவது வண்ணம் அடிக்க வேண்டும். தாளைப் பிரிக்கும்போது புதுப் பெயிண்டும் கூடவே உரிந்து வரும், பெயிண்டர் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்வார். ட்ரூ உப்புத்தாள் கொடுக்கப் போனவர், இந்த அர்ச்சனையைக் கேட்டுவிட்டு நான் இதற்கு ஒரு டேப் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கம்பெனியிடம் டேப் கிடையாது, எப்படிச் செய்வது என்றும் இவருக்குத் தெரியாது.

மாதக்கணக்கில் இதிலேயே கிடந்ததைப் பார்த்து மெக்நைட் அவரைக் கூப்பிட்டு, போய் வாட்டர் பேப்பர் வேலையைப் பார் என்றார். ட்ரூ சில நாள் பார்த்தார், அப்புறம் திரும்பவும் டேப்பிடம் போய்விட்டார். ஒரு இயந்திரத்துக்குப் பணம் கேட்டார், மெக்நைட் மறுத்தார். நூறு டாலர் வரை தன் கையெழுத்திலேயே வாங்கலாம் என்று அவருக்கு அதிகாரம் இருந்ததால், தொண்ணூற்றொன்பது டாலர் பில்களாகப் போட்டு இயந்திரத்தை வாங்கிவிட்டார் என்பது 3எம்முக்குள் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. 1925-இல் மாஸ்கிங் டேப் வந்தது. முதலில் விளிம்பில் மட்டும் பசை தடவியிருந்ததால் அது ஒழுங்காக நிற்காமல் விழ, எரிச்சலான பெயிண்டர் ஒருவர், இதைக் கொண்டுபோய் உன் கஞ்ச முதலாளிகளிடமே கொடு, முழுக்கப் பசை போடச் சொல் என்று திட்டினாராம். கஞ்சன் என்பதற்கு அவர் சொன்ன சொல் 'ஸ்காட்ச்', ஸ்காட்லாந்துக்காரர்களைப் பற்றிய பழைய கிண்டல். அந்த வசவே பிராண்டு பெயராகிவிட்டது. ஐந்து வருஷத்தில், 1930-இல், நாம் செல்லோ டேப் என்கிற அந்தக் கண்ணாடி டேப்பையும் ட்ரூ செய்து கொடுத்தார். பொருளாதார மந்தக் காலம், கிழிந்ததைத் தூக்கிப் போடாமல் ஒட்டி வைத்துக்கொள்கிற காலம், விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

இதில் ட்ரூவை எல்லாரும் பாராட்டுவார்கள். நான் மெக்நைட்டைத்தான் பார்க்கிறேன். அவர் சொன்னது தப்பாகிப் போனது, கீழே இருந்தவர் சொல்பேச்சுக் கேட்கவில்லை, அதிகாரத்தைச் சுற்றி வளைத்துப் பயன்படுத்தவும் செய்தார். பல கம்பெனிகளில் இவ்வளவும் தெரிய வந்த அன்றே ஆளை அனுப்பிவிடுவார்கள், டேப் வெற்றி பெற்றிருந்தாலும்கூட. மெக்நைட் அதில் இருந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். தொழில்நுட்ப ஆட்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வேலையில் செலவிடலாம் என்ற ஏற்பாடு அங்கே வேர்விட்டது. ஆட்கள் தப்புச் செய்வார்கள், ஆனால் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று மேலே இருந்து துல்லியமாகச் சொல்லிக் கொடுக்கிற நிர்வாகம் செய்கிற தப்பு அதைவிடப் பெரியது என்று 1948-இல் அவர் எழுதியே வைத்தார்.

இந்த ஏற்பாட்டின் உச்சம் போஸ்ட்-இட் என்கிற, ஒட்டிப் பிரிக்கும் மஞ்சள் சீட்டு. 1968-இல் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் பலமான பசை ஒன்றைச் செய்யப் போய், அரைகுறையாக ஒட்டுகிற, இழுத்தால் அடையாளம் வைக்காமல் வந்துவிடுகிற ஒரு பசையைச் செய்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள், உருண்டை தொடுகிற புள்ளியில் மட்டும் பிடிப்பு. ஒட்டாத பசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சில்வருக்கும் தெரியவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் கம்பெனிக்குள்ளேயே கூட்டம் போட்டு, என்னிடம் இப்படி ஒன்று இருக்கிறது, யாருக்காவது ஆகுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், யாரும் அவரை நிறுத்தவில்லை. டேப் பிரிவில் இருந்த ஆர்ட் ஃப்ரை அதில் ஒரு கூட்டத்தைக் கேட்டவர். அவர் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். புதன்கிழமை ஒத்திகையில் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் துண்டுகள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கும்போது கீழே விழுந்துவிடும். 1974-இல் ஒருநாள் சில்வரின் பசை ஞாபகத்துக்கு வந்தது. சோதிக்க எடுத்த தாள் மஞ்சளாக இருந்ததற்குக் காரணம் பக்கத்து லேபில் மிஞ்சிக் கிடந்தது மஞ்சள் தாள் என்பதுதான்.

அதற்குப் பிறகும் சுலபமாகப் போகவில்லை. 1977-இல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள், யாரும் சீந்தவில்லை. என்னவென்றே தெரியாத பொருளைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? 1978-இல் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்தில் அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சும்மா கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இனி வாங்குவோம் என்றார்கள். 1980-இல் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது. பசை பிறந்து பன்னிரண்டு வருஷம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எந்த வருஷத்திலாவது ஒரு கறாரான மேலாளர் வந்து, இதன் சந்தை எவ்வளவு, லாபம் எப்போது, எழுத்தில் கொடு என்று கேட்டிருந்தால், சில்வர் வெறும் தாளைத்தான் கொடுத்திருக்க முடியும்.

அப்படிக் கேட்கிற முறை 2001-இல் வந்தது. வந்தவர் ஜிம் மெக்நெர்னி. ஜி.இ. என்கிற ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் தலைவர் ஜாக் வெல்ச்சுக்குப் பிறகு யார் என்ற மும்முனைப் போட்டியில் ஜெஃப் இமெல்ட் ஜெயிக்க, தோற்ற இருவரில் ஒருவர் இவர். தோற்ற சில நாட்களிலேயே 3எம் அழைத்துக்கொண்டது. கம்பெனி வரலாற்றில் வெளியில் இருந்து வந்த முதல் தலைவர். கையோடு கொண்டுவந்தது சிக்ஸ் சிக்மா என்ற, வேலையில் குறைகளை ஒழிக்கும் முறை. ஐ.டி.யிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தை பழக்கம், கராத்தே மாதிரி பச்சை பெல்ட், கறுப்பு பெல்ட் எல்லாம் கொடுப்பார்கள். 1986-இல் மோட்டரோலாவில் பிறந்தது, ஜி.இ. அதை ஊர் உலகத்துக்கெல்லாம் பிரபலமாக்கியது. பத்து லட்சத்தில் 3.4 குறைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இலக்கு. வரையறு, அள, ஆராய், மேம்படுத்து, கட்டுப்படுத்து என்று ஐந்து படி.

இதை நான் கேலி செய்யவில்லை. டேப்பில் பசை தடவுகிற ரோலர் இருக்கிறது, காலையிலும் மாலையிலும் ஒரே கனத்தில் தடவ வேண்டும், ஒரு இடத்தில் தடிமன் ஒரு இடத்தில் மெலிசு என்றால் சரக்கு போச்சு. அங்கே வித்தியாசம் என்பது எதிரி, அதை ஒழிக்க சிக்ஸ் சிக்மா அருமையான கருவி. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் வித்தியாசம்தான் சரக்கே. சில்வரின் பசை அந்த அளவுகோலில் பார்த்தால் நூற்றுக்கு நூறு குறைபாடு. மெக்நெர்னி காலத்தில் அந்தப் படிவங்களும் கட்டக் கணக்குகளும் லேபுக்குள்ளும் நுழைந்தன.

சுமார் 8,000 பேரை வேலையை விட்டு அனுப்பினார், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். பங்கு விலை ஏறியது, 2001-இல் 17 சதவீதமாக இருந்த செயல்பாட்டு லாபம் 2005-இல் 23 சதவீதமானது. வால் ஸ்ட்ரீட் கைதட்டியது. கம்பெனி அதற்கு முன்னால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், வீண் செலவு இருந்தது, அதை வெட்டியது தப்பில்லை. இன்னொரு பக்கம், கடந்த ஐந்து வருஷத்தில் அறிமுகமான பொருட்களில் இருந்து விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த கம்பெனியில், அந்தப் பங்கு நான்கில் ஒன்றாக இறங்கிவிட்டது என்று 2007-இல் அமெரிக்க வணிகப் பத்திரிகைகள் எழுதின. எல்லாப் பழியையும் ஒரே ஆள் தலையில் கட்ட முடியாது, இன்று லேபில் தொடங்குவது கடைக்கு வர வருஷங்கள் ஆகும், இந்த மாதிரி எண்கள் எப்போதும் தாமதமாகத்தான் பேசும். ஆனால் 2005 கடைசியில் அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி முதலில் செய்த வேலைகளில் ஒன்று ஆராய்ச்சிக்கூடங்களின் கழுத்தில் இருந்து அந்தக் கயிற்றைத் தளர்த்தியது. தொழிற்சாலையில் அதை அப்படியே வைத்துக்கொண்டார். இரண்டு அறைக்கும் ஒரே சாவி கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பக்லி வரக் காரணம், மெக்நெர்னி போயிங்குக்குப் போய்விட்டார். நான் ஆரம்பத்தில் சொன்ன முடிச்சு இங்கேதான். 2005-இல் போயிங்கின் தலைவர் பதவி காலியானபோது உள்ளேயே ஒரு ஆள் இருந்தார், ஆலன் மலாலி. 777 விமானத்தை உருவாக்கிய அணியை நடத்தியவர், அப்போது பயணிகள் விமானப் பிரிவின் தலைவர். இயக்குநர்கள் அவரைத் தாண்டி, தங்களோடு இயக்குநராக ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மெக்நெர்னியைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் மலாலி ஃபோர்டு கார் கம்பெனிக்குத் தலைவராகப் போய்விட்டார்.

ஃபோர்டில் அவர் செய்ததில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ஒரு கைதட்டல். ஒவ்வொரு வியாழக்கிழமையும் டியர்பார்ன் தலைமையகத்தில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் உட்கார்ந்து தங்கள் வேலையை வண்ணத்தில் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பச்சை என்றால் திட்டப்படி போகிறது, மஞ்சள் என்றால் சிக்கல் இருக்கிறது ஆனால் வழியும் தெரிகிறது, சிவப்பு என்றால் வழி தெரியவில்லை. 2006-இல் ஃபோர்டு 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் பார்த்த கம்பெனி. கூட்டத்தில் பார்த்தால் அட்டை அத்தனையும் பச்சை! இத்தனை கோடி நஷ்டத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று மலாலி கேட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வாராந்தர மீட்டிங்குக்கு முந்தின நாள் ராத்திரி எக்செல் ஷீட்டில் சிவப்புக் கட்டங்களைப் பச்சையாக்குவது ஒரு தனி வேலையாகவே நடக்கும், அதனால் அந்த அறையில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சிவப்பைக் காட்டினவனுக்கு அதற்கு முன்னால் என்ன ஆகியிருக்கிறது என்று அவர்கள் பார்த்திருப்பார்கள்.

கடைசியில் காட்டினவர் மார்க் ஃபீல்ட்ஸ், அமெரிக்கப் பிரிவின் தலைவர். கனடாவின் ஓக்வில் தொழிற்சாலையில் ஃபோர்டு எட்ஜ் என்ற புது வண்டி வெளியே வரத் தயாராக நிற்கிறது, வண்டியில் ஒரு சத்தம் வருவதாகச் சோதனை ஓட்டுநர் சொல்கிறார், காரணம் பிடிபடவில்லை. ஃபீல்ட்ஸ் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, கூட்டத்தில் சிவப்பு போட்டார். அறை கப்சிப். ஆள் காலி என்றுதான் மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். மலாலி கைதட்டினார். இதற்கு யாரால் உதவ முடியும் என்று கேட்டார், ஒருவர் தனக்கு வேறு வண்டியில் இதே மாதிரி வந்தது என்றார், இன்னொருவர் ஆள் அனுப்புகிறேன் என்றார், சில வினாடிகளில் முடிந்துவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் அட்டைகளிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசாங்கப் பணத்தில் பிழைத்தபோது ஃபோர்டு அந்த வரிசையில் நிற்கவில்லை. அதற்கு 2006-லேயே கம்பெனியின் நீல முட்டைச் சின்னம் உட்பட எல்லாவற்றையும் அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் திரட்டி வைத்ததும் முக்கியக் காரணம். வெறும் கைதட்டலில் கம்பெனி பிழைக்காது. ஆனால் அந்தப் பணத்தை எங்கே போட வேண்டும் என்பது பச்சை அட்டையைப் பார்த்துத் தெரியாது. 2014-இல் மலாலி ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஃபீல்ட்ஸ்.

சரி, போயிங். 787 விமானத்தின் பாகங்களில் பெரும்பகுதியை வடிவமைப்போடு சேர்த்து வெளியாட்களிடம் கொடுப்பது மெக்நெர்னி வருவதற்கு முன்பே எடுத்த முடிவு, அதை அவர் தலையில் கட்டக் கூடாது. இறக்கை ஜப்பானில், உடல் பகுதிகள் இத்தாலி, ஜப்பான், அமெரிக்கா என்று சிதறி. இது சரிப்படாது என்று ஜான் ஹார்ட்-ஸ்மித் என்ற பொறியாளர் 2001-லேயே கம்பெனிக்குள் ஒரு கட்டுரை எழுதிப் படித்தார். வேலையை வெளியே கொடுத்தால் லாபமும் வெளியே போகும், செலவும் தலைவலியும் மட்டும் நம்மிடம் தங்கும் என்பது அதன் சாரம். யார் கேட்டார்கள்? 2007 ஜூலை 8 அன்று, அமெரிக்க வழக்கப்படி எழுதினால் 7/8/07, தேதியே விமானத்தின் பெயராக அமைகிறது என்று பார்த்து வைத்து, எவரெட் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் விமானத்தை வெளியே இழுத்து வந்தார்கள். உள்ளே கிட்டத்தட்ட வெறும் கூடு, பல இடங்களில் தற்காலிக ஃபாஸ்டனர்களைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். 2008-இல் கைக்குக் கொடுப்பதாகச் சொன்ன விமானத்தை 2011 செப்டம்பரில்தான் கொடுக்க முடிந்தது. நடுவில் ஒரு சப்ளையரின் சார்ல்ஸ்டன் தொழிற்சாலையைப் போயிங்கே விலைக்கு வாங்கி மீட்க வேண்டியிருந்தது.

அதே 2011-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போட்டிக் கம்பெனியான ஏர்பஸ்ஸிடம் பெரிய ஆர்டர் கொடுக்கிறது என்று தெரிந்ததும், புது விமானம் வடிவமைக்கும் யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, 1960களின் 737-க்குப் பெரிய இன்ஜினைப் பொருத்தி மேக்ஸ் என்று விற்க முடிவு செய்தார்கள். பெரிய இன்ஜினை முன்னுக்குத் தள்ளி மேலே தூக்கி வைத்ததால் சில நேரங்களில் மூக்கு மேலே எழும், அதை அமுக்க எம்.சி.ஏ.எஸ் என்ற மென்பொருள், அதற்குத் தகவல் தருவது ஒரே ஒரு சென்சார். விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளியே வந்தது. பயிற்சி வேண்டும் என்று உள்ளே யாராவது வாய் திறந்தால் அதற்கு என்ன விலை என்று முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரிதான் அது.

இந்த இடத்தில் 2014 ஜூலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்குச்சந்தை ஆய்வாளர்களோடு பேசும்போது, 65 வயதாகிறதே ஓய்வு பெறுவீர்களா என்று கேட்டதற்கு மெக்நெர்னி, என் இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும், ஊழியர்கள் அப்போதும் பயந்து ஒடுங்கிக்கொண்டிருப்பார்கள் என்று பதில் சொன்னார். ஜோக் என்றார், பிறகு மன்னிப்பும் கேட்டார். ஒரு வாக்கியத்தை வைத்து மனிதரை எடை போடுவது நியாயமில்லைதான், ஆனால் ஃபோர்டில் யாராவது இந்த ஜோக்கை அடித்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன்.

2015-இல் அவர் இடத்துக்கு முய்லன்பர்க் வந்தார். 2018 கோடையில் ரென்டன் தொழிற்சாலையில் மாதம் 47 விமானத்தில் இருந்து 52-க்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது எட் பியர்சன் என்ற மேலாளர், முன்னாள் கடற்படைக்காரர், உற்பத்தியைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்று மேலே எழுதினார். ஆட்கள் களைத்துப் போயிருக்கிறார்கள், பாகங்கள் நேரத்துக்கு வரவில்லை, என் குடும்பத்தைப் போயிங் விமானத்தில் ஏற்றவே தயங்குகிறேன் என்ற அளவுக்கு எழுதினார். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ராணுவத்தில் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவர் நேரில் சொன்னபோது, ராணுவம் லாபம் பார்க்கிற நிறுவனம் இல்லையே என்று பதில் வந்ததாக 2019 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். 2018 அக்டோபரில் லயன் ஏர் விமானம் விழுந்தது, அடுத்த மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம். 346 பேர். தலைமையில் இருந்தவர் இன்ஜினியர்தான்.

இதோடு நிறுத்தினால் மெக்நைட்டின் 3எம் நல்ல கம்பெனி, போயிங் கெட்ட கம்பெனி என்று ஆகிவிடும். அப்படி விட மனசு வரவில்லை. 1953-இல் 3எம் லேபில் ஒரு திரவம் தவறி ஒரு உதவியாளரின் கேன்வாஸ் ஷூவில் சிந்தியது, எதைக் கொண்டு கழுவியும் அது போகவில்லை, அந்த இடத்தில் அழுக்கும் ஒட்டவில்லை, தண்ணீரும் ஒட்டவில்லை. பேட்ஸி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் என்ற இருவர் விடாமல் பின்தொடர்ந்தார்கள், சோபாவிலும் கம்பளத்திலும் அடிக்கிற ஸ்காட்ச்கார்டு பிறந்தது. மஞ்சள் சீட்டு மாதிரியே அழகான தற்செயல் கதை. அந்தக் குடும்பத்து ஃப்ளோரின் ரசாயனங்கள்தான் இன்று உலகம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கின்றன, எளிதில் சிதையாதவை. பொதுமக்கள் ரத்தத்தில் இவை இருக்கலாம் என்ற தகவல் 1970களிலேயே கம்பெனிக்கு வந்திருந்தது. 2000-இல்தான் முக்கியமான ஒன்றை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2023-இல் அமெரிக்கக் குடிநீர் அமைப்புகளுக்கு 1,030 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

புது யோசனையோடு வந்தவனைப் பன்னிரண்டு வருஷம் பொறுத்த அதே கட்டடத்தில், 1997-இல் கிரிஸ் ஹேன்சன் என்ற வேதியியலாளரிடம், தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்த ஒரு வெளி லேப் தப்புச் செய்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த லேப் சாதாரண ஜனங்களின் ரத்தத்தையும் எடுத்திருந்தது, அது சுத்தமாக இருக்க வேண்டும், அதிலும் ஏதோ இருந்தது, ஹேன்சன் சோதித்தபோது அது அதே ரசாயனம்தான். மேலே சொன்னபோது பெரிய வரவேற்பு ஒன்றும் கிடைக்கவில்லை, அவருடைய கருவியைத்தான் சந்தேகப்பட்டார்கள் என்று பின்னாளில் அவரே பத்திரிகைக்குச் சொன்னார். அவருக்கும் முதலில் அதே சந்தேகம்தான். சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார், வேறு வேறு இடங்களில் இருந்து ரத்தம் வாங்கிப் பார்த்தார், வந்த விடை மாறவில்லை. தேடித் தேடி, கொரியப் போர் காலத்துப் படைவீரர்களின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார். ஸ்காட்ச்கார்டு கடைக்கு வருவதற்கு முந்தின ரத்தம் அது. அதில் இல்லை.